லினக்ஸ் கணினிக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு: வாங்கும் முன்பும் பொருத்திய பின்பும் எழும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் மில் அலுவலகங்களும் ஏற்றுமதி நிறுவனங்களும் கழித்துவிடும் மேசைக் கணினிகளை வாங்கி, அவற்றில் உபுண்டு, மின்ட், டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டுப் பயன்படுத்துவோர் பலர் இருக்கிறார்கள். அந்தக் கணினிக்கு ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடலாமா என்பதில் தொடங்கி அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதால், தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும்.

எந்தக் கார்டை வாங்குவது என்பதை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்?

விலைக்கும் வேகத்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் ஆயுள். விண்டோஸில் பழைய டிரைவரையே வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம்; லினக்ஸில் அதன் மையப் பகுதியான கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் டிரைவரும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும் என்பதால், தயாரித்த நிறுவனம் கைவிட்ட கார்டு சீக்கிரமே தொல்லையாகிவிடுகிறது.

ஏஎம்டி கார்டுகளுக்கு 'ஏஎம்டிஜிபியூ' என்ற டிரைவர் 2015 முதல் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் வேலை செய்யும் 'மேசா' தொகுப்பும் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முன்பே நிறுவப்பட்டிருக்கும். ஆகவே 2017-இல் வந்த ஆர்எக்ஸ் 570, 580 போன்றவற்றையும், 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600-ஐயும் பொருத்திக் கணினியை இயக்கினால், பெரும்பாலும் வேறெதுவும் செய்யாமலே திரை தெளிவாக வந்துவிடும்.

என்விடியாவில் தலைமுறையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவை 470 என்ற டிரைவருடன் நின்றுவிட்டன; அந்த டிரைவருக்கான ஆதரவும் 2024-இல் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 தான் கடைசி டிரைவர் கிளை. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளும் அவற்றுக்குப் பின் வந்தவையும் இன்றைய டிரைவர்களில் இடம்பெறுகின்றன. 2022-இல் என்விடியா திறந்த மூலமாக வெளியிட்ட கர்னல் பகுதியும் இவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

எனவே ஏறத்தாழ ஒரே விலையில் ஜிடிஎக்ஸ் 1060-உம் ஜிடிஎக்ஸ் 1650-உம் கிடைத்தால், வேகத்தில் 1060 சற்று முந்தினாலும் 1650-ஐயே வாங்கச் சொல்வேன். ஏற்கெனவே 1060 வைத்திருப்பவர் பதற வேண்டியதில்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பிலோ டெபியனிலோ இருந்தால் அதில் வரும் டிரைவருடன் காலம் தள்ளலாம். ஓயாமல் புதுப்பிக்கப்படும் ஆர்ச் லினக்ஸ் 2025 டிசம்பரில் 590-க்கு மாறியபோதுதான், 1000 வரிசைக்காரர்கள் பழைய டிரைவரைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டிய நிலை வந்தது.

நிறுவனம் கைவிட்டாலும் 'நூவோ' என்ற இலவச டிரைவர் இருக்கிறதே, அது போதாதா?

திரையில் படம் வருவதற்குப் போதும், வேலைக்குப் போதாது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் சிப்பின் வேகத்தைக் கூட்ட நிறுவனத்தின் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் சிறு நிரல்) தேவைப்படுகிறது. அது நூவோவுக்குக் கிடைக்காததால், கார்டு கணினி இயங்கத் தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நின்றுவிடுகிறது.

திருப்பூரில் பனியன் டிசைன் வேலையும், பிளெண்டர் நிரலில் கொஞ்சம் முப்பரிமாண வேலையும் செய்கிறேன். விலை குறைவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 எனக்குப் பொருந்துமா?

டிசைன் வரைவதற்கும், இரண்டு பெரிய திரைகளை இயக்குவதற்கும் தாராளமாகப் பொருந்தும். பிளெண்டரில் சைக்கிள்ஸ் முறையில் படத்தை உருவாக்குவதற்குப் பொருந்தாது. 2021 இறுதியில் வந்த பிளெண்டர் 3.0-இலிருந்து, கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் ஓப்பன்சிஎல் வழி நீக்கப்பட்டுவிட்டது. அதன் பின் ஏஎம்டிக்காகச் சேர்க்கப்பட்ட வழியில் 580-இன் தலைமுறைக்கு இடம் கிடைக்கவில்லை. கார்டு சும்மா இருக்க, முழுச் சுமையையும் பிராசசரே சுமக்கும். பிளெண்டர்தான் முக்கியம் என்றால் ஜிடிஎக்ஸ் 1650-ஐயோ, கையில் பணம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் வரிசையில் ஒன்றையோ பாருங்கள்.

என்னுடையது ஒல்லியான அலுவலகக் கணினி. அதில் எதைப் போட முடியும்?

முதலில் மூடியைக் கழற்றி ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கார்டின் நீளம், அது ஒரு இடத்தை அடைக்குமா இரண்டை அடைக்குமா, பின்பக்கத் தகடு முழு உயரமா பாதி உயரமா ஆகிய மூன்றும் தெரியாமல் விலை பேசக் கூடாது. இத்தகைய கணினிகளின் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி மின்கம்பி பெரும்பாலும் இருக்காது; எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்றால் அதன் இணைப்பு முனைகள் அந்தத் தயாரிப்பாளருக்கே உரியவையாக இருக்கும். அதனால் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையிலிருந்து கிடைக்கும் மின்சாரத்திலேயே ஓடும் கார்டுதான் வழி. தரப்படி அந்தத் துளை தருவது 75 வாட். சில ஒல்லிக் கணினிகளில் அதைவிடக் குறைவு என்பதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

பாதி உயர ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தால் அது சிறந்தது. 53 வாட்டில் ஓடும் ஆர்எக்ஸ் 6400-உம் நல்ல கார்டுதான். ஆனால் அது அந்தத் துளையின் தரவுத் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய போர்டுகளில் வேகம் குறையும். வீடியோவைப் பதிவு செய்வதற்கான வன்பொருளும் அதில் இல்லை, ஆகவே பாடம் நடத்தித் திரையைப் பதிவு செய்வோர் அதைத் தவிர்க்கலாம். இரண்டு மூன்று திரைகள் மட்டும் தேவைப்படும் கணக்காளருக்கு 30 வாட் என்விடியா டி400 போதும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று எழுதியிருக்கிறது. அது ஆர்எக்ஸ் 580-க்குப் போதாதா?

பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதை 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட் வருகிறது. அட்டையில் உள்ள 450-இல் நமக்கு உண்மையாகப் பயன்படுவது அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 580 ஒன்றே 185 வாட் கேட்கும், பிராசசர் 65 வாட் கேட்கும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டு நிற்காது. 75 வாட் கார்டு என்றால் நிற்கும்.

ஆறு முனை இணைப்பு 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தருவதற்கானவை. அந்த முனை இல்லாதபோது, ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா மின்முனையிலிருந்து ஆறு முனைக்கு மாற்றும் வயர் ஒன்றைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட் மட்டும். அதில் 75 வாட்டை இழுத்தால் முனை உருகும். உருகிக் கறுத்த முனைகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அவற்றின் வாசனை இன்னும் மறக்கவில்லை.

விற்பவரிடம் போனால் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பழைய மோட்டார் வாங்கப் போகிற கோயம்புத்தூர்க்காரர் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் விலை பேசவே மாட்டார். கார்டின் விசிறியையும் அப்படியே பாருங்கள். நடுக் குமிழை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டினால் அது அசையக் கூடாது. சுண்டிவிட்டால் உரசாமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். பிறகு விசிறிக்குப் பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே டார்ச் அடியுங்கள். மின்முனையில் கருப்பு, போர்டின் பின்புறத்தில் பழுப்பேறிய வட்டம், திருகுகளின் தலையில் கீறல், இவற்றில் எது இருந்தாலும் காரணம் கேளுங்கள். கீறல் இருப்பது கார்டு கழற்றப்பட்டிருப்பதைக் காட்டும். சுத்தம் செய்யக் கழற்றியிருந்தால் நல்லதே, பழுது பார்க்கக் கழற்றியிருந்தால் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, கார்டு அவர் சொல்லும் கார்டுதானா என்பது. பழைய சிப்புள்ள கார்டின் பயாஸை (கார்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலை) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்த போலிகள் சந்தையில் உலவியிருக்கின்றன. 1000 வரிசைச் சிப்புகளுக்கு அனலாக் வெளியீடு கிடையாது என்பதால், நீல நிற விஜிஏ முனையுள்ள 1050 டிஐயைக் கண்டாலே சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனையில் லினக்ஸ் நமக்குப் பெரிய துணை. உபுண்டு பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, டெர்மினலில் 'சூடோ டி-எம்-இ-எஸ்-ஜி' என்ற கட்டளையை இட்டு, வரும் வரிகளில் நூவோ என்று தொடங்குபவற்றைத் தேடுங்கள். பயாஸ் சொல்லும் பெயரை நம்பாமல், சிப்பின் பதிவேட்டையே படித்து, சிப் எது என்று நூவோ அங்கே எழுதியிருக்கும். உண்மையான 1050 டிஐ என்றால் ஜிபி107 என்று வர வேண்டும். ஜிஎஃப் என்று தொடங்கும் பெயர் வந்தால் அது 2010, 2011 காலத்துச் சிப்.

ஏஎம்டி கார்டுக்கும் அதே கட்டளைதான். ஏஎம்டிஜிபியூ எழுதிய வரிகளில், இயங்கும் கணிப்பு அலகுகளின் எண்ணிக்கை கடைசியில் வரும் ஒரு வரி இருக்கும். முழுமையான ஆர்எக்ஸ் 580-இல் அது 36. ஈரோட்டில் நண்பர் ஒருவருக்காக நான் பார்க்கப் போன கார்டின் பெட்டியில் 580 என்று இருந்தது, ஸ்டிக்கரிலும் 580 என்று இருந்தது, அந்த வரியில் மட்டும் 32 என்று இருந்தது. 580 என்ற பெயரிலேயே அலகுகள் குறைந்த ஒரு வகையும் வெளிவந்திருக்கிறது. செயல்திறனில் அது 570-க்குச் சமம். விற்றவருக்கே அது தெரியாது. வரியைக் காட்டியதும் 570-இன் விலைக்கே கொடுத்துவிட்டார்.

கடைசியாகச் சுமைச் சோதனை. என்விடியா கார்டை நூவோவில் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை, ஏனெனில் கார்டு முழு வேகத்துக்கு வராது. ஒரு பழைய எஸ்எஸ்டியில் லினக்ஸையும் என்விடியா டிரைவரையும் 'ஜிஎல்மார்க்2' என்ற சோதனை நிரலையும் வீட்டிலேயே நிறுவி, யூஎஸ்பி உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் உங்கள் கணினியையே தூக்கிச் செல்லுங்கள்; உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். சோதனையை இருபது நிமிடமாவது ஓடவிட்டு, இன்னொரு சாளரத்தில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். என்விடியாவுக்கு 'என்விடியா-எஸ்எம்ஐ', ஏஎம்டிக்கு 'சென்சார்ஸ்' கட்டளை. திரையில் வண்ணப் புள்ளிகளோ கோடுகளோ ஒரு தடவை மின்னி மறைந்தாலும் நினைவகத்தில் கோளாறு இருப்பதாகக் கொண்டு திரும்பிவிடுங்கள். இருபது நிமிடம் பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கலாமா?

வாங்கலாம், விலையில் அது தெரிய வேண்டும். எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்டபோது அந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. பல மாதங்கள் இரவும் பகலும் ஓடியதால் விசிறிகளும், நினைவகச் சிப்புகளின் மேல் ஒட்டும் தெர்மல் பேடுகளும் தேய்ந்திருக்கும். சிப்புக்கே கேடு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மைனிங்குக்காகப் பயாஸ் மாற்றப்பட்ட ஆர்எக்ஸ் கார்டை விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுக்கும்; லினக்ஸ் டிரைவர் ஏற்றுக்கொண்டு வேலை செய்யும், பிறகு ஒருநாள் காரணமின்றித் திரை உறையும். சில கார்டுகளின் மேல் விளிம்பில் பயாஸை மாற்றும் சிறு சுவிட்சு இருக்கும். அதைத் தள்ளி இரண்டாவது பயாஸில் ஓட்டிப் பாருங்கள். மாற்றப்படாத மூலப் பயாஸ் பெரும்பாலும் அதில் இருக்கும்.

பொருத்துவதற்கு முன் கணினியில் என்ன செய்துகொள்ள வேண்டும்?

டைம்ஷிஃப்ட் போன்ற நிரலால் ஒரு மீட்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுகிறீர்கள் என்றால், பழைய கார்டு இருக்கும்போதே என்விடியா தொகுப்புகளை முற்றாக நீக்கிவிட வேண்டும். திரையைக் காட்டும் எக்ஸ் நிரலின் பழைய அமைப்புக் கோப்பு ஏதேனும் இருந்தால் அதையும் அகற்ற வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, துளையின் ஓரத்தில் இருக்கும் பூட்டு 'டக்' என்று விழும்வரை கார்டை நேராக அழுத்துங்கள். கணினி மின்சாரத்தில் இருக்கும்போது கேபினெட்டைத் தொட்டுச் சுரீர் என்று இழுத்தால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே கார்டைத் தொடுங்கள்.

பொருத்தினேன், விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவுமே வரவில்லை.

மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருக்கிறதா என்று பாருங்கள். என்னை அழைத்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் காரணம். வயர் கார்டில்தான் இருக்க வேண்டும். பழைய விஜிஏ மானிட்டர் என்றால் புதிய கார்டுகளில் அதற்கு முனை இருக்காது, டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்தோ எச்டிஎம்ஐயிலிருந்தோ மாற்றித் தரும் சிப் உள்ள மாற்றி தேவை. அதன் பிறகும் வரவில்லை என்றால் கார்டின் மின்கம்பியையும், மதர்போர்டின் பயாஸில் முதன்மைத் திரை எது என்ற அமைப்பையும் பாருங்கள்.

என்விடியா டிரைவரை எங்கிருந்து நிறுவுவது?

உங்கள் லினக்ஸ் தருவதிலிருந்து மட்டும். உபுண்டுவில் 'கூடுதல் இயக்கிகள்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற கருவியைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்து, மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. என்விடியா இணையதளத்திலிருந்து கோப்பை இறக்கி நிறுவினால் அன்று வேலை செய்யும்; அடுத்த கர்னல் புதுப்பிப்பில் திரை இருண்டுவிடக்கூடும்.

மதர்போர்டின் பயாஸில், கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லலாம். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வரும். பலர் அதைப் பார்த்துப் பயந்து நேராகத் தொடர்வதைத் தேர்ந்துவிடுகிறார்கள்; டிரைவர் ஏறாமல் போவதற்கு அதுவே காரணம். அங்கே சாவியைப் பதிவு செய்யும் 'என்ரோல் எம்ஓகே' என்ற வாய்ப்பைத் தேர்ந்து, முன்பு அமைத்த அதே கடவுச்சொல்லை இட வேண்டும்.

ஏஎம்டி கார்டு வைத்திருக்கும் டெபியன் பயனர்கள், ஏஎம்டிக்கான ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே அது சேர்ந்துவிடுகிறது.

டிரைவர் போட்ட பிறகு கணினி கருந்திரையில் நிற்கிறது. எல்லாம் போய்விட்டதா?

எதுவும் போகவில்லை. கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் கிரப் என்ற தொடக்கப் பட்டியலைக் கொண்டுவந்து, முதல் வரியின் மேல் 'இ' எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10-ஐ அழுத்தினால், மங்கலான தெளிவில் கணினி திறக்கும். இது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும் மாற்றம். உள்ளே போனதும் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவலாம், அல்லது முன்பு எடுத்த மீட்புப் பிரதிக்குத் திரும்பலாம்.

எங்கள் கரூர் வெயிலில் கார்டு தாங்குமா?

கரூர் பரமத்தியில் சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அறைக்குள் வரும் காற்றே சூடாக இருக்கும்போது விசிறி அதைத்தான் கார்டின் மேல் வீசும். சுமையில் 80 பாகையை ஒட்டி நிற்பதில் ஆபத்தில்லை; அதற்கு மேல் ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் செய்வது மின்வரம்பைக் குறைத்துவிடுவது. 120 வாட் ஜிடிஎக்ஸ் 1060-ஐ 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையால் 100 வாட்டுக்கு இறக்கினால் வெப்பமும் விசிறிச் சத்தமும் நன்றாகக் குறையும், வேகத்தில் இழப்பது சொற்பம். மறுதொடக்கத்தில் இந்த வரம்பு மறைந்துவிடும் என்பதால் கோடையில் தினமும் இட வேண்டும், அல்லது தொடக்கச் சேவையாக எழுதி வைக்க வேண்டும். ஏஎம்டிக்கு 'லேக்ட்' என்ற நிரல் இதையே சாளரத்தில் செய்து தருகிறது.

மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

சைன் அலை தரும் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். சதுர அலை தரும் பழைய வகையில், நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில இரைச்சலிடும் அல்லது மாறும் நொடியில் அணைந்துவிடும். டிரைவர் நிறுவிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் வேலை இரட்டிப்பாகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

அது கணினி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளிலும், திருப்பூரில் நிட்டிங் எந்திரம் ஓடும் கட்டடங்களிலும் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். பல்லடத்தில் ஒரு வீட்டுக் கணினியிலிருந்து கழற்றிய கார்டில், விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திண்டு இருந்தது. கம்பளித் துண்டைப் போல முழுசாக உரிந்து கையோடு வந்தது. அதன் மறுபக்கத்தில் தகடுகளின் வரிகள் அச்செடுத்ததுபோல் பதிந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகச் சுற்றியதால், கணினி அடிக்கடி அணைவதற்கு டிரைவரே காரணம் என்று நினைத்து அந்த வீட்டுத் தம்பி மூன்று மாதமாக அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். திண்டை எடுத்ததும் அவருடைய கணினி அணைவது நின்றது.

அத்தகைய இடங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், மற்ற இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறையும் போதும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி இருக்கும் இடங்களைப் பஞ்சு இடங்களுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் காற்றில் அது தன் அளவை மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். பட்டறைக் கம்ப்ரஸரைப் பயன்படுத்தினால் முதலில் தொட்டியின் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, காற்றை வெள்ளைத் துணியில் ஊதி ஈரமோ எண்ணெயோ படியவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே கார்டின் பக்கம் திருப்புங்கள்.